வைக்கோல் மெத்தையில் விளைந்த பனிக்கட்டி!

மெஷின் இல்லை, மின்சாரம் இல்லை. அலகாபாத் கூலியாட்கள் வானத்தை வைத்தே ஐஸ் எடுத்த கதை

டெல்லியில் மார்கழி பிறந்துவிட்டால் குழாய்த் தண்ணீரைத் தொட்ட கை விறைத்துப் போகும். ரஜாயை விட்டு எழுந்திருக்க மனம் வராது. அதிகாலை ஷிப்டுக்குப் போகிறவர்களும், முதல் பஸ்சைப் பிடிக்க ஓடும் குமாஸ்தாக்களும் மப்ளரைத் தலையில் சுற்றிக்கொண்டு, வாயில் புகை விட்டபடி நடப்பார்கள்.

"இந்தக் குளிருக்கு வாளித் தண்ணீர்கூட ஐஸ்கட்டி ஆகிவிடும்" என்று சொல்லாதவர் கிடையாது. ஆனால் ஆவதில்லை!

தண்ணீர் உறைய வேண்டுமானால் 0 டிகிரிக்கு வர வேண்டும். டெல்லியில் ஜனவரி மாத இரவுகளின் சராசரிக் குளிர் ஏறக்குறைய 7 டிகிரிதான். சப்தர்ஜங் வானிலை நிலையத்தில் இதுவரை பதிவான மிகக் கடுமையான குளிர், 1935-ம் ஆண்டு ஜனவரி 16-ந் தேதி பதிவான மைனஸ் 0.6 டிகிரி. பாலத்தில் 1967-ம் ஆண்டு ஜனவரி 11-ந் தேதி மைனஸ் 2.2 டிகிரிக்குப் போனது. இப்படிப்பட்ட இரவுகள் ஒரு தலைமுறைக்கு ஒரு தடவை வந்தாலே அதிகம்.

ஆனால் 250 ஆண்டுகளுக்கு முன்பு கங்கைக் கரையில், டெல்லியைப் போலவே சமவெளியான அலகாபாத்தில் (இன்றைய பிரயாக்ராஜ்), டிசம்பர் முதல் பிப்ரவரி வரை ஏறக்குறைய மூன்று மாதம், கூடை கூடையாக ஐஸ் எடுத்திருக்கிறார்கள்! குளம் குட்டைகளில் ஐஸ் பார்த்தவர்கள் அந்த ஊரிலேயே மிகச் சிலர்தான். அப்படியும் ஐஸ் விளைந்தது.

இதற்கு மெஷினோ மின்சாரமோ கிடையாது. மண் தட்டு, காய்ந்த கரும்புத் தட்டை, தண்ணீர், இவற்றோடு திறந்த வானம். இவ்வளவுதான் சாமான்!

பார்த்தவர் எழுதியது

இதை நேரில் பார்த்து எழுதி வைத்தவர் சர் ராபர்ட் பார்க்கர். கிழக்கிந்தியக் கம்பெனியின் வங்காளப் படைக்குத் தளபதியாக இருந்தவர். லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் 1775-ம் ஆண்டு அவருடைய கட்டுரை வெளிவந்தது.

ஊருக்கு வெளியே ஒரு பெரிய திறந்த மைதானம். அதில் மூன்று நான்கு குழிகள். ஒவ்வொரு குழியும் 30 அடி நீளம், 30 அடி அகலம், 2 அடி ஆழம். குழியின் அடியில் காய்ந்த கரும்புத் தட்டையையோ சோளத் தட்டையையோ 8 அங்குலம் முதல் ஓர் அடி கனம் வரை பரப்புவார்கள். பார்த்தால் மெத்தை விரித்தது போல இருக்கும்.

மெத்தைமேல் வரிசை வரிசையாக மண் தட்டுகள். கால் அங்குல கனம்கூட இருக்காது. ஆழம் ஒன்றேகால் அங்குலம். மெருகு பூசாத, தண்ணீர் ஊற்றினால் வெளிப்பக்கம் கசிந்து ஈரம் தெரிகிற தட்டுகள். சாயங்காலம் இருட்டும் நேரத்தில், காய்ச்சி ஆற வைத்த தண்ணீரை அவற்றில் ஊற்றிவிட்டுப் போய்விடுவார்கள்.

பிறகு நடப்பதெல்லாம் இரவின் வேலை.

சூரியன் தலை காட்டுவதற்கு முன்பு ஆட்கள் வருவார்கள். தட்டுகளைக் கூடைகளில் கவிழ்ப்பார்கள். உறையாத தண்ணீர் கூடை வழியே ஒழுகிப் போகும். ஐஸ் மட்டும் தங்கும். கூடைகள் நேராகச் சேமிப்புக் குழிக்குப் போகும். அது மேடான, ஈரமில்லாத இடத்தில் 14, 15 அடி ஆழத்துக்கு வெட்டப்பட்டது. உள்ளே முதலில் வைக்கோல், அதன்மேல் முரட்டுக் கம்பளி. அன்றன்றைக்கு வருகிற ஐஸை அதில் கொட்டி, திம்சுக் கட்டையால் இடித்து இறுக்குவார்கள். நாளடைவில் எல்லாம் சேர்ந்து ஒரே பாளமாகிவிடும். குழி வாயையும் வைக்கோலாலும் கம்பளியாலும் மூடி, மேலே கூரை வேய்ந்துவிடுவார்கள்.

பிறகு ஏப்ரல், மே மாதத்தில், அனல் காற்று அடிக்கும்போது அந்தக் குழியைத் திறப்பார்கள். துரைமாரின் சாப்பாட்டு மேஜைக்குக் குளிர்ந்த சர்பத்து போகும்!

பார்க்கர் மட்டுமல்ல, காசியில் இருந்த இன்னொரு வெள்ளைக்காரரும் 1793-ல் இதே தொழிலைப் பற்றி எழுதினார். அங்கே ஏறக்குறைய 4 ஏக்கர் நிலத்தைச் சின்னச் சின்னப் பாத்திகளாகப் பிரித்து, வைக்கோல் பரப்பி, தட்டுகளை அடுக்கினார்கள். ஐஸ் தட்டோடு ஒட்டிக்கொள்ளாமல் இருக்க உட்புறம் வெண்ணெய் தடவினார்கள். இட்லித் தட்டில் எண்ணெய் தடவுகிற நம் வீட்டுப் பெண்களுக்கு அந்தச் சூட்சுமம் உடனே புரியும்.

குளிர் அதிகம், ஐஸ் இல்லை!

பார்க்கர் எழுதியவற்றில் ஒரு விஷயம் மிகவும் விசித்திரமானது.

உடம்பு நடுங்குகிற கடுங்குளிர் இரவு. "இன்றைக்கு நிறைய ஐஸ் கிடைக்கும்" என்று நினைத்துக்கொண்டு காலையில் போய்ப் பார்த்தால், தட்டுகளில் ஐஸே இருக்காது. இன்னோர் இரவு, குளிர் அவ்வளவாக உறைக்காது. காற்று அசையாது. வானம் நிர்மலமாக இருக்கும். காலையில் பார்த்தால் தட்டு அடிவரைக்கும் கெட்டியாக உறைந்திருக்கும்!

ஒரு குழியில் உறைந்த அதே இரவில், ஒரு மைல் தள்ளி இருந்த இன்னொரு குழியில் உறையாமல் போனதும் உண்டு.

இது ஏன்? மண் தட்டின் துவாரங்கள் வழியாகத் தண்ணீர் கசிந்து ஆவியாவதுதான் காரணம் என்று பலரும் நினைத்தார்கள். நம் வீட்டு மண்பானைத் தண்ணீர் குளிர்வது அப்படித்தானே! ஆனால் ஆவியாவதுதான் காரணம் என்றால் காற்று அடிக்கும் இரவில் அல்லவா அதிகம் உறைய வேண்டும்? நடந்தது நேர்மாறாக இருந்தது.

1814-ல் வில்லியம் சார்லஸ் வெல்ஸ் என்ற லண்டன் டாக்டர், பனித்துளி எப்படி உண்டாகிறது என்பதைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதில் இந்தியாவின் ஐஸ் தொழிலையும் ஆராய்ந்தார். தாமே அந்த முறையில் தண்ணீர் வைத்துச் சோதித்தார். உறைந்த தண்ணீரை நிறுத்துப் பார்த்தபோது எடை குறையவில்லை. அப்படியானால் ஆவியாகிப் போனது காரணம் அல்ல. வேறு ஏதோ ஒரு வழியில் தண்ணீரின் சூடு வெளியேறியிருக்கிறது.

அந்த வழி, வானம்!

வானத்துக்குப் போகும் சூடு

அடுப்பின் பக்கத்தில் நின்றால், தொடாமலே முகத்தில் சூடு படுகிறது அல்லவா? சூடு கதிராகக் கிளம்பி வருகிறது. இதேபோல உலகத்தில் உள்ள ஒவ்வொரு பொருளும், இரவு பகல் பாராமல், தன் சூட்டைக் கதிராக வெளியே விட்டுக்கொண்டே இருக்கிறது. நிலம், கூரை, செடி, தண்ணீர் எல்லாமே.

பகலில் வெயில் அதை ஈடுகட்டிவிடும். இரவில் ஈடுகட்ட ஆளில்லை. மேகம் இருந்தால் அது ஒரு போர்வை போல நின்று, போகிற சூட்டில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பும். மூடுபனியும் அப்படித்தான். வானம் தெளிவாக, ஈரம் குறைவாக இருந்தால் சூடு நேரே வானவெளிக்குப் போய்விடும். அப்போது தட்டில் உள்ள தண்ணீர், சுற்றியுள்ள காற்றைவிடவும் அதிகம் குளிர்ந்துவிடும்.

காற்று அடித்தால் என்ன ஆகும்? தண்ணீரைவிடச் சற்றுச் சூடாக இருக்கும் காற்று வந்து வந்து மோதி, இழந்த சூட்டைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருக்கும். அதனால்தான் காற்றடித்த இரவுகளில் ஐஸ் இல்லை. நம் உடம்பு 37 டிகிரி. காற்று நம்மிடமிருந்து சூட்டைப் பறிப்பதால் நமக்குக் குளிர்கிறது. தட்டுத் தண்ணீருக்கு அதே காற்று சூட்டைத் தருகிறது!

வைக்கோல் மெத்தையின் வேலை இன்னொன்று. பூமிக்குள் இருக்கும் சூடு மேலே ஏறித் தண்ணீரைத் தொடாமல் அது தடுக்கிறது. வைக்கோல் நனைந்துவிட்டால் இந்த வேலை கெட்டுவிடும். ஆகவே வைக்கோல் எப்போதும் காய்ந்தே இருக்க வேண்டும்.

தட்டு ஏன் ஆழம் குறைவாக இருக்க வேண்டும்? தண்ணீர் 0 டிகிரிக்கு வந்தால் மட்டும் போதாது. அதற்குப் பிறகு ஐஸாக மாற, இன்னும் ஏராளமான சூட்டை இழக்க வேண்டும். எவ்வளவு தெரியுமா? 80 டிகிரி வெந்நீரை 0 டிகிரி வரைக்கும் ஆற வைக்க எவ்வளவு சூட்டை எடுக்க வேண்டுமோ, அவ்வளவு! ஓர் இரவில் வானம் எடுத்துக்கொள்ளும் சூட்டுக்கு ஓர் அளவு உண்டு. வாளியில் உள்ள தண்ணீர் உறையாது. தட்டில் உள்ள தண்ணீர் உறையும்.

இதற்குச் சாட்சி தினமும் நம் கண் முன்னாலேயே இருக்கிறது. இரவு திறந்த வெளியில் நிறுத்திய ஸ்கூட்டரின் சீட் காலையில் நனைந்திருக்கும். பக்கத்தில் வேப்பமரத்தடியில் நிறுத்திய ஸ்கூட்டர் காய்ந்திருக்கும். மரம் வானத்தை மறைத்துவிட்டது, அவ்வளவுதான். ஊட்டிப் பக்கம் தலைகுந்தாவில் வெப்பமானி 1, 2 டிகிரி காட்டும்போதே புல்வெளி வெள்ளை விரித்தது போல உறைபனியால் மூடியிருப்பதும் இதனால்தான். வானிலை நிலையத்து வெப்பமானி ஏறக்குறைய 4 அடி உயரத்தில், பெட்டிக்குள் இருக்கிறது. புல்லோ தரையில், வானத்தைப் பார்த்தபடி கிடக்கிறது.

விஞ்ஞானிகள் இந்த வழியை இன்றும் விடவில்லை. 2014-ல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் ஆஸ்வத் ராமன் முதலிய ஆராய்ச்சியாளர்கள், பட்டப்பகல் வெயிலிலேயே சுற்றுக் காற்றைவிட 4.9 டிகிரி குளிர்ச்சியாக இருக்கும் தகட்டைச் செய்து காட்டினார்கள். அதிலும் சூடு வானத்துக்குத்தான் போகிறது. மின்சாரம் இல்லாமல் கட்டடங்களைக் குளிர்விக்க இது உதவும் என்று உலகமெங்கும் ஆராய்ச்சி நடக்கிறது.

பெயர் இல்லாத உஸ்தாதுகள்

வெப்பமானியையே பார்த்திராத அலகாபாத் ஐஸ்காரருக்கு இதெல்லாம் அனுபவத்தில் தெரிந்திருந்தது. எந்த இரவில் தட்டுகளை நிரப்பலாம், எந்த இரவில் நிரப்பினால் உழைப்பு வீண், எவ்வளவு தண்ணீர் ஊற்றலாம், எந்தத் தட்டை உதவும், எல்லாமே அவருக்குக் கணக்கு. அந்தக் கணக்கை வைத்துத்தான் விஞ்ஞானிகளே பாடம் படித்தார்கள்.

பார்க்கர் துரை குழியின் நீளம், அகலம், தட்டின் கனம் எல்லாவற்றையும் அங்குலக் கணக்கில் எழுதினார். ஆனால் ஐஸ் செய்தவரின் பெயரை எழுதவில்லை. "என்னுடைய ஐஸ்காரன்" என்ற அளவோடு சரி!

1850-ல் வெளிவந்த தம் பயண நூலில் பேனி பார்க்ஸ் என்ற வெள்ளைக்காரப் பெண்மணியும் அலகாபாத் ஐஸ் குழிகளைப் பற்றி எழுதினார். அங்கே ஐஸ் தொழிலை மேற்பார்வை செய்தவர் அவருடைய கணவர்தான். மேற்பார்வை பார்த்தவர் யார் என்று தெரிகிறது. விடியற்காலை இருட்டில், விரல் மரத்துப்போக, தட்டுத் தட்டாகக் கவிழ்த்தவர்கள் யார் என்று தெரியவில்லை. குளிர்காலத்தில் அந்த ஐஸைத் தொட்ட கைகள் அவர்களுடையவை. கோடைக்காலத்தில் அதை ருசித்த நாக்கு வேறொருவருடையது.

கட்டடம் கட்டியவனுக்கு அதில் குடியிருக்க இடமில்லை என்பது இன்றும் நாம் காண்கிற காட்சிதானே!

அக்பரின் ஐஸ்

இதற்கும் முன்னால், மொகலாயர் காலத்தில், பெரிய மனிதர்கள் வீட்டில் தண்ணீரைக் குளிர்விக்கவே ஓர் ஆள் இருப்பார். ஆப்தார் என்று பெயர். அக்பரின் அரண்மனையில் வெடியுப்பைத் தண்ணீரில் கரைத்து, அதற்குள் குடிதண்ணீர்ப் பாத்திரத்தை வைத்துச் சுழற்றினார்கள். வெடியுப்பு கரையும்போது தண்ணீர் சில்லென்று ஆகும். துப்பாக்கிக்கு வேண்டிய வெடியுப்பு தாகத்துக்கும் உதவியது!

1586 வாக்கில் அக்பர் லாகூரில் தங்கியபோது, வடக்கு மலைகளிலிருந்து படகிலும், வண்டியிலும், ஆள் தோளிலும் ஐஸ் வந்தது. அபுல் பசல் எழுதிய அயினி அக்பரியில் இந்த விவரங்கள் எல்லாம் இருக்கின்றன. மலையிலிருந்து தூரமான ஊர்களுக்கு அந்த வசதி இல்லை. அங்கெல்லாம் கைகொடுத்தது மண் தட்டுதான்.

பாஸ்டன் கப்பல் வந்தது

இந்தத் தொழிலுக்கு முதல் அடி கடல் வழியாக வந்தது.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தில் பிரடெரிக் டியூடர் என்ற வியாபாரி இருந்தார். குளிர்காலத்தில் ஏரிகளில் உறையும் ஐஸைப் பாளம் பாளமாக அறுத்து, வெயில் நாடுகளுக்குக் கப்பலில் அனுப்புவது அவர் தொழில். 1833-ம் ஆண்டு மே மாதம் டஸ்கனி என்ற கப்பல் 180 டன் ஐஸோடு பாஸ்டனிலிருந்து புறப்பட்டது. நான்கு மாதம் கடலில் கிடந்து, செப்டம்பரில் கல்கத்தா வந்து சேர்ந்தபோது ஏறக்குறைய 100 டன் கரையாமல் மிச்சம் இருந்தது!

கல்கத்தாவுக்கு அதுவரை ஐஸ் கொடுத்தது ஹூக்ளிப் பகுதியின் மண் தட்டுகள். அந்த ஐஸ் மெல்லியது, நொறுங்கியது, சேறும் கலந்திருக்கும். கண்ணாடி போன்ற அமெரிக்க ஐஸ் வந்ததும் அதைச் சீந்த ஆளில்லை.

கல்கத்தா, பம்பாய், சென்னை மூன்று ஊர்களிலும் டியூடரின் ஐஸுக்குக் கிடங்கு கட்டினார்கள். சென்னையில் 1842-ல் கட்டிய கிடங்குதான் திருவல்லிக்கேணி கடற்கரையில் நிற்கும் ஐஸ் ஹவுஸ். 1897-ல் சுவாமி விவேகானந்தர் ஒன்பது நாள் அங்கே தங்கினார். இன்று அது விவேகானந்தர் இல்லம். கிடங்கில் ஐஸ் தீர்ந்து ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆகியும், சென்னைவாசிகள் அந்த வட்டாரத்தை ஐஸ் ஹவுஸ் என்றுதான் சொல்கிறார்கள்.

கப்பல் ஐஸுக்கும் காலம் வந்தது. 1870-களில் சென்னையிலும் கல்கத்தாவிலும் மெஷினில் ஐஸ் செய்யும் கம்பெனிகள் தோன்றின. மண் தட்டை விழுங்கிய கப்பலை மெஷின் விழுங்கியது.

லடாக்கில் ஐஸ் கோபுரம்

திறந்த வெளியில் ஐஸ் செய்யும் வித்தை அத்தோடு செத்துவிட்டதா? இல்லை. அது மலை ஏறியிருக்கிறது.

லடாக்கில் மழை மிகக் குறைவு. பனிமலை உருகி வரும் தண்ணீரை நம்பித்தான் விவசாயம். ஏப்ரல், மே மாதத்தில் விதைக்க வேண்டும். மலைத் தண்ணீரோ ஜூனில்தான் தாராளமாக வரும். குளிர்காலத்தில் ஓடையில் தண்ணீர் வீணாக ஓடும். வேண்டிய நேரத்தில் இருக்காது.

செவாங் நோர்பெல் என்ற என்ஜினீயர் 1980-களில் இதற்கு ஒரு வழி கண்டார். ஓடைத் தண்ணீரைத் திருப்பி, நிழலான சரிவுகளில் தேக்கி உறைய வைத்தார். 2015-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

2013-14 குளிர்காலத்தில் சோனம் வாங்சுக்கும் மாணவர்களும் இன்னொரு வழி கண்டார்கள். மேட்டிலிருந்து ஓடைத் தண்ணீரைக் குழாயில் இறக்கினார்கள். கீழே குழாயை நிமிர்த்தி நிறுத்தினால், மேட்டிலிருந்து வரும் வேகத்திலேயே தண்ணீர் மேலெழுந்து பூவாகச் சிதறும். மோட்டார் வேண்டாம். சிதறும் துளிகள் இரவுக் குளிரில் உறைந்து, ஒன்றின்மேல் ஒன்றாகச் சேர்ந்து கோபுரமாக வளரும். முதல் கோபுரம் ஏறக்குறைய 20 அடி. மே மாதம் வரை கரையாமல் நின்றது!

புத்த ஸ்தூபி போல இருந்ததால் ஐஸ் ஸ்தூபி என்று பெயர் வைத்தார்கள். கோபுர வடிவம் அழகுக்காக மட்டும் அல்ல. அதே அளவு ஐஸைத் தரையில் பரப்பினால் வெயில் முழுதும் அதன்மேல் படும். கூம்பாக நிறுத்தினால் வெயில் படும் பரப்பு குறையும். மெல்ல மெல்லக் கரைந்து, விதைக்கும் காலத்தில் வயலுக்குப் போகும்.

வெயிலில் அந்தக் கோபுரம் பளபளவென்று மின்னும். வேடிக்கை பார்க்க வெளியூர்க்காரர்கள் வருகிறார்கள். பின்னர் பல கிராமத்தார் தாங்களே கூடிக் கட்டினார்கள். அலகாபாத் கூலியாள் எடுத்த ஐஸ் துரை வீட்டுக்குப் போனது. லடாக் விவசாயி செய்த ஐஸ் அவன் வயலுக்கே போகிறது. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சின்ன வித்தியாசம் அல்ல.

உங்கள் மொட்டை மாடியில்

குளிர் அலை வரும்போது அலகாபாத் வித்தையை நீங்களும் செய்து பார்க்கலாம். சமவெளியில் இரவுக் குளிர் 4 டிகிரியோ அதற்குக் கீழோ போனால், வானிலை இலாகா அதைக் குளிர் அலை என்று அறிவிக்கும். மழை பெய்து ஓய்ந்து, வானம் வெளுத்து, காற்றும் அடங்கிய இரவாகப் பாருங்கள். மூடுபனி இருந்தால் முயற்சி வேண்டாம்.

டெல்லி நகரத்துக்குள் மூடுபனியும் கட்டடச் சூடும் பெரிய எதிரிகள். ஹிசார், சூரு, பதேபூர் பக்கம் வேலை செய்கிறவர்களுக்கு வாய்ப்பு அதிகம். பம்பாய்க்காரர்களும் பெங்களூர்க்காரர்களும் ஆசைப்பட வேண்டாம். பெங்களூரில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பமே 1884-ம் ஆண்டு ஜனவரியில் வந்த 7.8 டிகிரிதான்!

செய்முறை இதோ:

மாடியின் நடுவில், சுவரும் தண்ணீர்த் தொட்டியும் வானத்தை மறைக்காத இடமாகப் பாருங்கள். ஓர் அடி கனத்துக்குக் காய்ந்த வைக்கோல் பரப்புங்கள். கிடைக்காவிட்டால் டி.வி. பெட்டியில் வரும் தெர்மாகோல் பாளங்களை அடுக்கலாம். அகலமான மண் தட்டு உத்தம் நகர் குயவர் காலனியில் கிடைக்கும். காசிக்காரர்கள் வெண்ணெய் தடவியதுபோல நீங்கள் துளி நெய் தடவுங்கள்.

தட்டில் சாமந்தி இதழ், ரோஜா இதழ், துளசி இலைகளைப் பரப்பி, ஒரு நூலை வளையமாக மடித்து இரு முனைகளும் தட்டுக்குள் இருக்கும்படி வையுங்கள். மாலையிலேயே வெளியில் ஆற வைத்த தண்ணீரை அரை விரற்கடை உயரத்துக்கு ஊற்றுங்கள். அதற்கு மேல் வேண்டாம்.

சூரியன் வருவதற்கு முன் எழுந்து பாருங்கள். உறைந்திருந்தால் வட்டக் கண்ணாடிக்குள் பூவைப் பதித்தது போல இருக்கும். நூலைப் பிடித்துத் துணிக்கொடியில் தொங்கவிட்டால் காலை வெயில் அதன் வழியே பாயும். மார்கழிக் கோலத்தின் நடுவே பூசணிப்பூ வைப்பது நம் ஊர் வழக்கம். பூசணிப்பூ கிடைக்காத ஊரில் இந்த ஐஸ் பூவை வைத்துப் பாருங்கள். அக்கம்பக்கத்துக் குழந்தைகள் எல்லாம் கூடிவிடுவார்கள். முதல் நாள் உறையாவிட்டால் மனம் தளர வேண்டாம். அலகாபாத்திலும் பல இரவுகள் பொய்த்திருக்கின்றன.

சில எச்சரிக்கைகள். இது பார்ப்பதற்கு மட்டும். வாயில் போட வேண்டாம். மாடிப்படியில் தண்ணீரைச் சிந்த விடாதீர்கள்; உறைந்தால் வழுக்கும். எல்லாவற்றையும்விட முக்கியமானது: குளிருக்குப் பயந்து மூடிய அறைக்குள் கரி அங்கீட்டி வைத்துத் தூங்காதீர்கள். அதிலிருந்து வரும் விஷ வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ஒவ்வொரு குளிர்காலத்திலும் வடநாட்டில், ஊர்விட்டு ஊர் வந்து ஒரே அறையில் தங்கும் தொழிலாளர்கள் பலர் அப்படித் தூக்கத்திலேயே இறந்துபோகிறார்கள். தீ காய வேண்டுமானால் வெளியில் காயுங்கள். அறைக்குள் ஒரு போர்வை கூடுதலாகப் போர்த்திக்கொள்ளுங்கள்.

வெயில் ஏற ஏற அந்த ஐஸ் பூ சொட்டுச் சொட்டாகக் கரைந்துவிடும். அதற்குள் குழந்தைகள், "பிரிட்ஜ் இல்லாமல் எப்படி ஐஸ் வந்தது?" என்று கேட்காமல் இருக்க மாட்டார்கள். அப்போது வானத்தைக் காட்டிச் சொல்லுங்கள். பெயர்கூட எழுதப்படாமல் போன அந்த அலகாபாத் ஐஸ்காரரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.